முள்ளங்கி முளைக்கு ஒன்பது மார்க்

சிவனேஸ்வரி சமைக்கும்போது உப்புப் பார்ப்பதில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விட்டு நக்கிப் பார்த்தவள் அல்ல. அடுப்பிலிருந்து இறங்கியது முதலில் சுவாமிக்கு, பிறகுதான் மனிதருக்கு. சட்டிக்கு மேலே முகத்தை நீட்டி ஒரு மூச்சு இழுப்பாள். உப்புக் காணுமா காணாதா என்று மூக்குச் சொல்லிவிடும். மூக்குப் பிசகிய நாட்களும் உண்டு. அன்றைக்கு வீட்டுக்காரர் விக்னராஜா தயிரை அள்ளி ஊற்றிக்கொள்வார். தயிர் எவ்வளவு போகிறது என்பதை வைத்து அவள் தன் பிழையை அளந்துகொள்வாள்.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தைந்தாவது வயதில், சிட்னியில், ருசி பார்த்து மார்க் போடுகிற வேலை வந்து சேர்ந்தது.

"ஆண்டவனுக்கும் பகிடி விடத் தெரியும்," என்றார் விக்னராஜா. "இருபத்தாறு வருஷமா என்ர நாக்கை வச்சுத்தான் நீ உப்புப் பாத்தனி. இப்ப வெள்ளைக்காரன் உன்ர நாக்குக்குச் சம்பளம் தாறான்."

"வெள்ளைக்காரன் இல்லை, வெள்ளைக்காரி," என்றாள் அவள்.

அவர்கள் கொழும்பிலிருந்து 1974 மாசியில் வந்தவர்கள். விக்னராஜா தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் வரைகிறவர். மெரிலேண்ட்ஸ் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, செங்கல் கட்டடமொன்றின் மாடியில் இரண்டு அறை வீடு. பிள்ளைகள் இல்லை. கொழும்பில் இருந்த காலம் முழுவதும் விக்னராஜாவின் தம்பிமார் மூவரையும் வளர்த்து ஆளாக்குவதில் சிவனேஸ்வரிக்குப் போய்விட்டது. இங்கே வளர்க்க ஒருவரும் இல்லை. காலையில் குசினி அலமாரியில் இருக்கும் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிக் கும்பிட்டு, சமைத்து, எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பிறகு விக்னராஜா வரும் மாலை ஆறு மணிவரை ரயில் போகிற சத்தம்தான்.

அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பெரிய காரணமொன்றும் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. இங்கிலீஷ் கடைக்குப் போய்வரும் அளவுக்குத் தெரியும். எண்கள் நன்றாகத் தெரியும்.

கீழ் வீட்டில் இருந்த இத்தாலியப் பெண்மணி ஒருத்தி பரமட்டா ஆற்றங்கரையில் உள்ள உணவு ஆராய்ச்சிக் கூடமொன்றில் தரை துடைக்கப் போய்வந்தாள். அங்கே கண்ணாடிக் குவளை கழுவ ஆள் தேவை என்று கையாலும் வாயாலும் சொல்லி, அவள்தான் சிவனேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு போனாள். போன முதல் நாளே வேலை கிடைத்தது. ஒவ்வொரு குவளையையும் மூன்று தண்ணீரில் அலசி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறை இருந்தால் முதலிலிருந்து தொடங்குவாள். ஒரு வருஷத்தில் இரண்டே இரண்டு குவளை உடைந்தன. இரண்டையும் தானே போய்ச் சொன்னாள்.

அந்தக் கூடத்தில் முள்ளங்கியை ஆராய்ந்தவர் மிஸ் ஹாலோரன். ஐம்பது வயது, ஒல்லி, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். அவருக்குக் கீழே வேலை செய்தவன் வாசுதேவன் என்ற கோயம்புத்தூர்ப் பிள்ளை. விவசாய ரசாயனம் படித்துவிட்டு வந்தவன், இருபத்தெட்டு வயது. அந்தக் கட்டடம் முழுவதிலும் தமிழ் தெரிந்தவர்கள் அவனும் சிவனேஸ்வரியும்தான். அவன் தமிழைக் கேட்டு அவளும் அவள் தமிழைக் கேட்டு அவனும் முதல் மாதம் சிரித்தபடியே இருந்தார்கள்.

"முள்ளங்கியில என்னத்தைத் தம்பி இப்பிடி மினக்கெட்டுத் தேடுறியள்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

வாசுதேவன் ஒரு சின்னச் சிவப்பு முள்ளங்கியை எடுத்துக் காட்டினான். "இதைக் கடிச்சா சுர்ருன்னு ஒரு காரம் வருதில்லம்மா, அது முள்ளங்கிக்குள்ள முன்னாடியே கிடையாது. பொண்ணு ஒரு அறையில, மாப்பிள்ளை ஒரு அறையில இருக்கிற மாதிரி. நடுவுல தரகர் ஒருத்தர் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நாம கடிச்சாலோ நசுக்கினாலோ சுவர் இடியுது, தரகர் வெளியே வர்றார், கல்யாணம் முடியுது. அந்தக் கல்யாணம்தான் காரம். கடுகுலயும் இதே கதைதான்."

"அவிச்சால்?"

"தரகர் செத்துடுவார்."

"அதுதான் கறியில உறைப்பு இல்லை," என்றாள் சிவனேஸ்வரி. முள்ளங்கியை எத்தனையோ வருஷம் அவித்திருக்கிறாள். உள்ளே ஒரு தரகரைக் கொன்றுகொண்டிருப்பது தெரியாது. "சரி, அந்த உறைப்பால ஆருக்கு என்ன?"

"உடம்புக்கு நல்லதா இருக்கலாம்னு சொல்றாங்க. கட்டி வராம தடுக்குமா, கெட்டதை உடம்புலேருந்து வெளியேத்துமான்னு எலிகளை வச்சு வேற இடங்கள்ல பார்க்கிறாங்க. அதிகமாப் பச்சையாத் தின்னா கழுத்துல வீக்கம் வரலாம்னு சொல்றவங்களும் உண்டு. எதுவும் முடிவாகலை. நாங்க பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான். கிழங்கைவிட முளையில அந்தச் சத்து கூடவாம். எத்தனையாவது நாள் முளையில ரொம்பக் கூடன்னு கண்டுபிடிக்கணும்."

இதை அவள் வீட்டில் போய்ச் சொன்னபோது விக்னராஜா அடுத்த ஞாயிறே சிநேகிதர் வீட்டில் முள்ளங்கி முளை தின்றால் நோயே வராது என்று அடித்துப் பேசத் தொடங்கிவிட்டார். சிவனேஸ்வரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "எலிக்குப் பாக்கினம். உங்களுக்கு இன்னும் பாக்கேல்லை," என்றாள்.

முளைத் தட்டுகள் சூடான ஓர் அறையில் வரிசையாக இருந்தன. ஈரத் துணியில் விதை பரப்பி, மூடி வைத்திருந்தார்கள். வாரத்துக்கு இரண்டு தட்டு அழுகிப் போய் நாற்றம் எடுக்கும். ஒரு நாள் குவளை எடுக்கப் போன சிவனேஸ்வரி வாசலில் நின்று மூக்கால் ஒரு மூச்சு இழுத்தாள். "மூண்டாவது தட்டு பழுதாகுது, தம்பி," என்றாள். திறந்து பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் அந்தத் தட்டு பூஞ்சணம் பூத்தது. விதையை ஊற வைத்த தண்ணீரை மாற்றி, நாளுக்கு இரண்டு முறை அலசி, தண்ணீர் தேங்காமல் சரித்து வைக்கவேண்டும் என்று அவள் செய்து காட்டினாள். பயறு முளைக்க வைக்கிற எவரும் செய்கிற காரியம்தான். அதன் பிறகு தட்டுகள் அவள் பொறுப்பாயின. அந்த மூக்கைப் பார்த்துவிட்டுத்தான் மிஸ் ஹாலோரன், ருசி பார்க்கிற குழுவில் ஒருவர் விலகியபோது இவளைக் கூப்பிட்டார்.

ருசி பார்க்கிறவர்கள் ஏழு பேர். புதன்கிழமை காலை பத்து மணி. பலகை வைத்துத் தடுத்த ஏழு சின்ன அறை. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நிறத்தைப் பார்த்து மனம் சாயாமலிருக்க மேலே சிவப்பு பல்ப். சின்னச் சன்னல் வழியாக மூடி போட்ட கிண்ணங்கள் வரும். மேலே எண் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றையும் தின்று பார்த்து, காரத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று தாளில் எழுதவேண்டும். பிறகு துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கவேண்டும். இதைத் தவிர அலமாரி அளவு பெரிய இயந்திரமொன்றும் அதே முளைகளை அளந்தது. நாக்கும் இயந்திரமும் ஒத்துப்போகின்றனவா என்று மிஸ் ஹாலோரன் பார்த்தார்.

மிஸ் ஹாலோரன் அரைப் பக்கத்துக்கு இங்கிலீஷில் விதிமுறை எழுதிக் கொடுத்திருந்தார். வாசுதேவன் அதைப் பார்த்து, "வாயில போட்டு நல்லா பத்துத் தரம் மென்னு, மார்க் போடுங்கம்மா. அவ்வளவுதான்," என்றான்.

பதினொரு கிழமை அவள் ஒரு புதனும் தவறாமல் அந்த அறையில் இருந்தாள். ஐந்தாம் வகுப்பு படித்தவளின் எண்ணை நம்பி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது என்ற நினைப்பு அவளுக்குப் பெரிது. அதை விக்னராஜாவிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவர் பகிடி பண்ணுவார். பண்ணினால் அந்த நினைப்புக் கொஞ்சம் சின்னதாகிவிடும்.

ஆவணி பிறந்த ஒரு வியாழக்கிழமை மிஸ் ஹாலோரன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வாசுதேவன் பக்கத்தில் நின்றான். சுவரில் ஒரு பெரிய கட்டத்தாள். ஆறு கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு போயின. ஏழாவது கோடு தனியே, மற்றவற்றுக்கு ஒரு சாண் மேலே, வானத்தில் பறந்தது.

"மேல இருக்கிறது உங்களுதும்மா," என்றான் வாசுதேவன். "எல்லாரும் நாலு, அஞ்சு போடுற இடத்துல நீங்க எட்டு, ஒன்பது போட்டிருக்கீங்க. பதினொரு வாரமும்."

"எனக்கு உறைச்சது. போட்டனான்."

"மிளகாய் தின்கிறவங்களுக்குக் காரம் குறைச்சலாத்தான் தெரியும்னு மேடம் நினைச்சாங்க. உங்களுக்கு நேர்மாறா இருக்கு."

மிஸ் ஹாலோரன் ஏதோ மெதுவாகக் கேட்டார். வாசுதேவன் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னான்: "தட்டுகளை நீங்கதான் வளர்க்கிறீங்க. எந்த முளை எத்தனை நாள்னு உங்களுக்குத் தெரியும். அதை வச்சு, கூடவே வரணும்னு நினைச்சு மார்க் போட்டீங்களான்னு கேக்கிறாங்க."

சிவனேஸ்வரிக்கு முகம் சூடேறியது. "பாத்திட்டுப் போட்டனோ எண்டு கேக்கிறா, என்ன?"

"அப்படி இல்லம்மா..."

"அப்பிடித்தான் தம்பி. கேக்கிறது பிழையில்லை. நான் அப்பிடிச் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ."

மிஸ் ஹாலோரன் கேட்டுக்கொண்டார். கோபமில்லை, நம்பிக்கையும் இல்லை. காரணம் தெரியும் மட்டும் அவள் ருசி பார்க்க வேண்டாம், முளைத் தட்டுகளையும் வேறு ஆள் பார்க்கட்டும் என்று முடிவானது. குவளை கழுவுகிற வேலை இருந்தது. அதைக் கழுவப் போனாள். அன்றைக்கு மூன்று தண்ணீர் போதாமல் நாலு தண்ணீரில் அலசினாள்.

வீட்டில் விக்னராஜா கேட்டுவிட்டு, "விட்டுத் தள்ளு. முள்ளங்கியும் முளையும்," என்றார்.

"வேலை போகட்டும், இஞ்சாருங்கோ. என்னைப் பொய்க்காரி எண்டு நினைச்சிட்டா. ஒரு குவளை உடைஞ்சாலும் போய்ச் சொன்னனான்."

இரவு முருகன் படத்துக்கு முன்னால் அவள் வழக்கத்தைவிடக் கூட நேரம் இருந்தாள். வேலையைத் திருப்பித் தா என்று கேட்கவில்லை. என்ன பிழை விட்டேன் என்று காட்டு என்றுதான் கேட்டாள்.

சனிக்கிழமை சந்தையில் ஒரு சீனக் கிழவரிடம் முழங்கை நீளத்தில் வெள்ளை முள்ளங்கி வாங்கினார்கள். மத்தியானச் சோற்றுக்குத் தயிர்ப் பச்சடி செய்யலாமென்று சிவனேஸ்வரி அதைக் கழுவித் தோல் சீவி, நுனியை நறுக்கினாள். குசினிக் கதிரையில் பத்திரிகையோடு இருந்த விக்னராஜா கையை நீட்டி ஒரு துண்டை வாயில் போட்டார்.

"இது என்ன, தண்ணி மாதிரிக் கிடக்கு. சீனன் ஏமாத்திப்போட்டான்."

அவள் மிச்சத்தைத் துருவித் தட்டில் வைத்துவிட்டு, விளக்கேற்றிக் கும்பிட்டாள். வந்து தயிர் விட்டுப் பிசைந்து, படைத்து, பரிமாறினாள். விக்னராஜா ஒரு வாய் வைத்தார். இருமல் வந்தது. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"பச்சை மிளகாய் எத்தினை போட்டனி, ஈஸ்வரி?"

"ஒண்டும் போடேல்லை."

"விசர்க் கதை கதையாதை. மூக்குக்குள்ள ஏறுது."

"மெய்யாத்தான். முள்ளங்கியும் தயிரும் உப்பும்."

சொல்லிவிட்டு அவள் சோற்றில் வைத்த கையை எடுத்தாள். ஒரே கிழங்கு. முழுத் துண்டாகத் தின்றபோது தண்ணீர். துருவி வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டு வந்த பிறகு நெருப்பு. சுவர் இடிந்திருக்கிறது, தரகருக்கு வேண்டிய மட்டும் நேரமும் கிடைத்திருக்கிறது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். அந்தச் சிவப்பு வெளிச்ச அறைக்குள் பதினொரு கிழமையும் அந்தக் கைகள் என்ன செய்தன என்று ஒவ்வொன்றாக நினைவில் கொண்டுவந்தாள். கிண்ணத்தைத் திறப்பாள். முளையை விரலில் எடுப்பாள். கீரையை ஆயாமல் வாயில் போடுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அது வீட்டுக் கீரையானாலும் சரி, ஆராய்ச்சிக் கீரையானாலும் சரி. வேரை நுள்ளி எறிவாள். விதைத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதுவாள். தண்டை இரண்டாக மூன்றாக ஒடிப்பாள். பிறகு, வாயில் போகிற எதையும் நினைத்துப் போடவேண்டும் என்பதால் கண்ணை மூடிச் சிவனை நினைப்பாள். ஐந்தெழுத்தை, நீண்ட மூச்சுக்கு ஒன்றாக, பதினொரு தரம். அதன் பிறகுதான் வாய்.

"இஞ்சாருங்கோ, உங்கட மணிக்கூட்டைக் கழட்டித் தாங்கோ."

"சாப்பிட விடன்."

"சாப்பிடத்தான் போறியள்."

சனி பின்னேரமும் ஞாயிறு காலையும் விக்னராஜாதான் ருசி பார்க்கிற குழு. கண்ணைத் துவாயால் கட்டிவிட்டு, முழுத் துண்டு ஒன்று, ஒடித்துத் தேய்த்து வைத்த துண்டு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுத்தாள். பதினொரு தரம் சொல்ல ஒன்றரை நிமிஷம் ஆனது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை அவர் சரியாகச் சொன்னார். பத்தாவது தடவை அழுதபடி, "இனி எது எண்டு எனக்குத் தெரியாது, எல்லாம் உறைக்குது," என்று துவாயை அவிழ்த்துவிட்டார்.

காரணம் கிடைத்துவிட்டது. கிடைத்ததும் வேறு ஒரு கஷ்டம் வந்தது. இதைச் சொன்னால் பொய்க்காரி என்ற பெயர் போகும். ஆனால் முதல் நாளிலிருந்து செய்யவேண்டிய மாதிரிச் செய்யவில்லை என்பதும் தெரிந்துவிடும். பதினொரு கிழமையும் வீண். அதைவிட, வேலை நேரத்தில் பலகைக்குப் பின்னால் கண்ணை மூடிக் கும்பிட்டேன் என்று ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால் சொல்லவேண்டும். அவள் அந்த நாட்டில் தன் கும்பிடுதலை வீட்டுக்கு வெளியே யாருக்கும் காட்டியதில்லை. திருநீற்றைக்கூட ரயில் ஏறுமுன் துடைத்துவிட்டுப் போகிறவள்.

"மிளகாய் தின்ற நாக்கு எண்டு சொல்லிச் சமாளி," என்றார் விக்னராஜா.

"ஆண்டவனிட்டக் கேட்டனான், காட்டினவர். இனிச் சமாளிக்க ஏலாது."

திங்கட்கிழமை அவள் திருநீற்றைத் துடைக்காமல் ரயில் ஏறினாள். கூடத்தில் முதலில் வாசுதேவனைப் பிடித்தாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். மேசை இழுப்பறையிலிருந்து அந்த அரைப் பக்க விதிமுறையை எடுத்தான். மூன்றாவது வரியில் விரலை வைத்தான்.

"ஒடிக்காமல், நசுக்காமல், முழுசா வாயில் போடவும்னு எழுதியிருக்கு. நான் உங்ககிட்ட இதைச் சொன்னேனா?"

"சொல்லேல்லை."

"சொல்லணும்னே தோணலை. ரெண்டு அங்குல முளையை யார் ஒடிக்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்." அவன் நெற்றியைத் தடவினான். "மேடம்கிட்ட சந்தேகத்தை முதல்ல கிளப்பினவனும் நான்தாம்மா. தட்டு உங்க கையில இருக்குன்னு நான்தான் சொன்னேன்."

அது சிவனேஸ்வரிக்கு அதுவரை தெரியாது. தெரிந்தது வலித்தது.

"ஒடிக்க வேண்டாம் எண்டு நீங்கள் சொல்லேல்லை," என்றாள். "ஆஞ்சு போட்டுத் தின்னுங்கோ எண்டும் நீங்கள் சொல்லேல்லைத்தானே, தம்பி. அது என்ர பிழை. வாங்கோ, போய்ச் சொல்லுவம்."

மிஸ் ஹாலோரன் கொண்டைப் பென்சிலை உருவி, அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். ஆய்ந்ததை, தேய்த்ததை, ஒடித்ததை வாசுதேவன் தமிழாக்கினான். கும்பிட்ட இடம் வந்தபோது அவன் தயங்கினான். சிவனேஸ்வரி தானே இங்கிலீஷில், "ஐ ப்ரே, மிஸ்," என்றாள்.

மிஸ் ஹாலோரன் நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை வினாடி?" என்று கேட்டார்.

"தொண்ணூறு."

அதையும் எழுதினார். எழுதிக்கொண்டே, என் அம்மா சூப் ஆறிப்போகிற மட்டும் ஜெபம் பண்ணுவாள், பிறகு சூப் ஆறிவிட்டதென்று எங்களை ஏசுவாள் என்றார். வாசுதேவன் இதைத் தமிழில் சொல்லுமுன்பே சிவனேஸ்வரிக்கு விளங்கிவிட்டது.

பிறகு வாசுதேவன் தன் பங்கைச் சொன்னான். இங்கிலீஷில்தான் சொன்னான், ஆனால் மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டிவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டதால் அவளுக்குத் தெரிந்தது. மிஸ் ஹாலோரன் அவனை நீண்ட நேரம் பார்த்தார். அவன் காது சிவந்தது.

சொன்னதை நம்புகிற பழக்கம் அந்தக் கூடத்தில் இல்லை. மத்தியானம் மற்ற ஆறு பேரையும் கூப்பிட்டார்கள். ஒரே தட்டு முளை, இரண்டு விதமாக: ஒன்று முழுசாக, மற்றது சிவனேஸ்வரி தன் கையால் ஆய்ந்து, தேய்த்து, ஒடித்துத் தொண்ணூறு வினாடி வைத்தது. அவள் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே யாரோ இருமினார்கள். ஸ்டோர் பார்க்கிற தடித்த மனிதர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, இவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆறு பேரில் ஐந்து பேர் ஒடித்து வைத்ததற்கு எட்டும் ஒன்பதும் போட்டிருந்தார்கள். மறுநாள் இயந்திரத்திலும் போட்டுப் பார்த்தார்கள். அதுவும் அப்படித்தான் சொன்னது.

செவ்வாய் பின்னேரம் மிஸ் ஹாலோரன் பதினொரு தாள்களையும் மேசையில் பரப்பினார். சிவனேஸ்வரியை வரச் சொன்னார். சிவப்புப் பென்சிலை எடுத்து ஒவ்வொரு தாளிலும் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். பதினொரு கோடு. அவள் நின்று பார்த்தாள். ஒவ்வொரு எண்ணும் அவள் உண்மையாகப் போட்ட எண். உண்மைதான், ஆனால் பிரயோசனமில்லை. இரண்டும் ஒரே தாளில் இருக்கலாம் என்பது அவளுக்குப் புதுப் பாடம்.

கோடு இழுத்து முடிந்ததும் மிஸ் ஹாலோரன் எழுந்து நின்று, தான் அன்று கேட்ட கேள்விக்காக வருந்துவதாகச் சொன்னார். வாசுதேவன் தமிழாக்கினான். பிறகு தன் சார்பிலும், "மன்னிச்சிருங்கம்மா," என்றான். அதை மட்டும் அவன் இங்கிலீஷில் சொல்லவில்லை.

"கேட்டபடியாத்தானே காரணம் தெரிஞ்சது," என்றாள் சிவனேஸ்வரி. "தட்டுகள் என்ன கதி?"

தட்டுகள் கதி மோசம். ஐந்து நாளில் நாலு தட்டு அழுகியிருந்தது. அன்றே அவள் அவற்றைக் கொட்டிக் கழுவி, புதிதாக விதை ஊற வைத்தாள்.

அடுத்த புதன் பழைய அறையில் உட்கார்ந்தாள். கிண்ணம் மூடியோடு இருக்கும்போதே கும்பிட்டு முடித்தாள். பிறகு திறந்து, வேரும் தோலுமாக, ஆயாமல், அப்படியே வாயில் போட்டு மென்றாள். விதைத் தோல் பல்லில் ஒட்டியது. மனம் கொஞ்சம் கூசியது. பத்துத் தரம் மென்று துப்பிவிட்டு, ஐந்து என்று எழுதினாள். நம்ப முடியாமல் எண்ணைத் திரும்பப் பார்த்தாள். ஐந்துதான்.

மிஸ் ஹாலோரன் அதோடு விடவில்லை. முளை எத்தனையாவது நாள் என்ற கேள்விக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொண்டார்: ஒடித்த பிறகு எவ்வளவு நேரம்? அரை நிமிஷமா, ஒன்றரையா, ஐந்தா, பதினைந்தா. எப்போது உச்சம், எப்போதிலிருந்து குறைகிறது. இதற்கு ஒரே கையால், ஒரே மாதிரி ஒடிக்கிற ஆள் வேண்டும். அந்தக் கை எது என்பதைப் பற்றி யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஒடித்துக் கொடுக்கிற நாளில் அவள் ருசி பார்க்கக் கூடாது. ருசி பார்க்கிற நாளில் தட்டுப் பக்கம் போகக் கூடாது. புதுத் தாளில் அப்படி எழுதி, இந்த முறை எல்லா வரியையும் வாசுதேவன் வாசித்துத் தமிழில் சொன்னான். இரண்டு தரம் சொன்னான்.

முதல் நாள் மேசையில் பன்னிரண்டு கிண்ணம். சிவனேஸ்வரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒன்றரை நிமிஷத்துக்கு உங்களுக்கு மணி பார்க்கவே வேணாம்மா," என்றான் வாசுதேவன். "பதினொரு தரம் சொன்னா சரியா இருக்கும். ஐஞ்சு நிமிஷத்துக்கு எத்தனை தரம்னு கணக்குப் போட்டுத் தரட்டுமா?"

"வேண்டாம், தம்பி. ஆண்டவன்ர பேரை மணிக்கூடாக்கப் படாது. மணிக்கூட்டைத் தாங்கோ."

அவன் சிரித்துவிட்டு, ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி நிறுத்துக் கடிகாரமொன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். எந்தப் பொத்தானை அமுக்கவேண்டுமென்று காட்டினான். அவள் அதை ஒரு முறை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி பூச்சியத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு முதல் கிண்ணத்தின் மூடியைத் திறந்து, பொத்தானை அமுக்கி, ஒடிக்கத் தொடங்கினாள்.